திரும்பி வரும் பார்சலின் செலவு எங்கே தொடங்குகிறது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் இணையம்வழி விற்பனை செய்யும் நம்மவர்களின் துணிக்கடைகளுக்குக் கிடங்கு, விநியோகப் பணிகளில் ஆலோசனை வழங்கி வருகிறேன். முதல் சந்திப்பிலேயே பெரும்பாலான உரிமையாளர்கள் கேட்பது, இன்னும் மலிவான கூரியர் நிறுவனம் எது என்பதைத்தான். பேரம் பேசுவதில் தவறில்லை. ஆனால் 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்ததைப் போல, கடைக்காரர் தீர்மானிக்க முடியாத பல காரணங்கள் போக்குவரத்துச் செலவில் உண்டு. பெட்டியின் அளவும், பொருளைப் பற்றி நாம் எழுதும் விவரமும் முழுக்க நம் கையில் இருப்பவை.

பெட்டியை முதலில் பார்ப்போம். பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அந்தக் கணக்கு உண்மையான எடையைவிடக் கூடுதலாக வந்தால் அதற்கே கட்டணம் விதிக்கின்றன. அரைக் கிலோ எடையுள்ள ஒரு ஜிப்பாவை, கையில் கிடைத்தது என்பதற்காக 40க்கு 30க்கு 20 அளவுள்ள பெட்டியில் வைத்தால், 4.8 கிலோவுக்குப் பணம் கட்ட நேரிடும். அதே ஜிப்பாவை மடித்து 30க்கு 25க்கு 4 அளவுள்ள உறையில் போட்டால் கணக்கு 0.6 கிலோதான். சபா, சரவாக்கிற்கு விமானத்தில் அனுப்பும்போது இந்த வேறுபாடு லாபத்தையே விழுங்கிவிடும்.

இதைவிடப் பெரிய கசிவு, திரும்பி வரும் பொருள்களில் இருக்கிறது. போகும் கட்டணம், வரும் கட்டணம், பிரித்துப் பார்த்து மறுபடி இஸ்திரி போட்டு மடிக்கும் ஊழியரின் நேரம் எல்லாம் ஒரே ஆடையின் மேல் ஏறுகின்றன. துணிக்கடைகளில் நான் காணும் முதற்காரணம் அளவுக் குழப்பமே. வெவ்வேறு ஆலைகளிலிருந்து வரும் ஆடைகளில் 'எல்' என்ற எழுத்து ஒன்றாக இருந்தாலும் மார்புச் சுற்றளவு ஒன்றாக இருப்பதில்லை. அதனால் வாடிக்கையாளர் 'எல்' ஒன்றும் 'எக்ஸ்எல்' ஒன்றும் சேர்த்து வாங்கி, பொருந்தாததைத் திருப்பி அனுப்புகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆடையை மேசைமேல் விரித்து மார்பு, தோள், நீளம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து எழுதுங்கள். அது ஆடையின் அளவா, உடம்பின் அளவா என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் படமெடுத்தால் மெரூன் புடவை செங்கல் நிறமாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றாவது இருக்கட்டும்.

முகவரிப் பிழையும் ஒரு காரணம். ஒரே தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், 3, 3ஏ என்று அடுத்தடுத்துச் சாலைகள் உள்ள ஊர் இது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மாடி எண்ணும் வீட்டு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் அனுப்புவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுவது நல்லது.

திரும்பி வந்த பார்சலைக் கிடங்கின் மூலையில் அடுக்கிவைக்கும் வழக்கம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திரும்பும் புடவையை அன்றே பிரித்தால், அதே பருவத்தில் முழு விலைக்கு விற்க முடியும். பண்டிகை முடிந்த பிறகு பிரித்தால் கழிவு விலைதான். வந்த நாளிலேயே பிரித்து, மறுவிற்பனைக்கு உரியது, சரிசெய்ய வேண்டியது, ஒதுக்க வேண்டியது என்று வகைப்படுத்திவிட வேண்டும். திரும்பிய காரணத்தை 'பிடிக்கவில்லை' என்று எழுதாமல், 'தோள் இறுக்கம்', 'நிறம் வேறு' என்று குறிப்பாக எழுத வேண்டும். ஒரே ஆடை ஒரே காரணத்துக்காக மூன்றாம் முறை திரும்பினால், அதன் விற்பனையை அன்றே நிறுத்தி, மறுபடி அளந்து, விவரத்தைத் திருத்திய பிறகே விற்பனைக்கு விடும்படி நான் கேட்டுக்கொள்கிறேன்.