ஐந்து நிமிடம் பிசகினால் கதவு திறக்காது

கடவுச்சொல்லைச் சரியாகத்தான் தட்டுகிறீர்கள். ஆனாலும் அலுவலகச் சர்வர் உள்ளே விட மறுக்கிறது. உங்கள் விரல்களைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தச் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். ஏழெட்டு நிமிடம் தள்ளி ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான்.

இந்தக் கண்டிப்புக்குப் பெயர் கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாய். 1983இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்த, உள்நுழைபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை இது. வளாகம் முழுவதும் கணினிகள். கம்பியில் யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம். ஆகவே கடவுச்சொல் கம்பியில் பயணிக்கவே கூடாது என்று முடிவு செய்தார்கள். விண்டோஸ் 2000 முதல், நிறுவனங்களின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியும் இதைத்தான் நம்பியிருக்கிறது.

காலையில் நீங்கள் உள்நுழையும்போது, கணினி உங்கள் கடவுச்சொல்லிலிருந்து ஒரு சாவியை உருவாக்கி, அப்போதைய நேரத்தை அதனால் பூட்டி மைய சர்வருக்கு அனுப்புகிறது. அதே சாவி மையத்திடமும் உண்டு. பூட்டு திறந்தால் நீங்கள் நீங்கள்தான். பதிலுக்கு ஒரு டிக்கெட் கிடைக்கும்; ஆக்டிவ் டைரக்டரியில் வழக்கமாகப் பத்து மணி நேரம் செல்லும். அதைக் காட்டி, கோப்பு சர்வருக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று எனத் தனித்தனி டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். அந்தந்த டிக்கெட் அந்தந்த சர்வரின் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். அதைச் சோதிக்க அந்தச் சர்வர் மையத்தைக் கேட்க வேண்டியதில்லை. இதன் அழகே இங்குதான் இருக்கிறது என்பேன்.

சரி, வழியில் ஒருவன் டிக்கெட்டை நகலெடுத்துவிட்டால்? அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் டிக்கெட்டோடு, நேரம் குறித்துப் பூட்டிய ஒரு புதுச் சீட்டும் போகிறது. அதைப் பூட்டும் தற்காலிகச் சாவி திருடனிடம் இருக்காது. சீட்டையும் சேர்த்துத் திருடினாலும், ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதைச் சர்வர் ஏற்காது; அதற்குள் வந்த சீட்டுகளையோ நினைவில் வைத்திருக்கும்.

எனவே அமைப்புகளில் கைவைக்கும்போது முதல் வேலை, எல்லாக் கணினிகளின் நேரத்தையும் என்.டி.பி. என்ற நேர ஒத்திசைவு முறை மூலம் ஒன்றாக்குவது. ரெல்ம், அதாவது ஒரு மையத்தின் ஆளுகைக்குள் வரும் வட்டாரம்; அதன் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதுவது வழக்கம். சிறிய எழுத்தில் எழுதினால் அது வேறு ரெல்ம். சர்வரை ஐ.பி. எண்ணால் அழைக்காமல் பெயரால் அழையுங்கள், டிக்கெட் பெயருக்குத்தான் வழங்கப்படுகிறது. இத்தனைக்கும் பிறகு கதவு திறக்கவில்லையா? சர்வர் தன் சாவியைச் சேமித்து வைத்திருக்கும் கீடேப் கோப்பைப் பாருங்கள். மையத்தில் யாரோ சாவியை மாற்றியிருப்பார்கள். கோப்பில் பழைய சாவியே தூங்கிக்கொண்டிருக்கும்.