எதிரே தெரிய வேண்டிய தூரம்: நிறுத்தப் பார்வைத் தூர விதி சொல்வது என்ன?

சாலையில் கிடக்கும் ஒரு தடையைக் கண்ட ஓட்டுநர், அதன்மேல் மோதாமல் வண்டியை நிறுத்தும் அளவுக்கு முன்னால் உள்ள பாதை எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 1934-இல் தொடங்கப்பட்ட, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு விதிகள் இதை ‘நிறுத்தப் பார்வைத் தூரம்’ என்று குறிப்பிட்டு, ஒவ்வொரு வேகத்துக்கும் குறைந்தபட்ச அளவை வகுத்துள்ளன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த சாலையில் 80 மீட்டரும், 100 கிலோமீட்டருக்கு வடிவமைத்த சாலையில் 180 மீட்டரும் தெரிந்தாக வேண்டும்.

இந்த அளவின் முதற்பகுதி மனிதருக்கு உரியது. தடையைக் கண்ணால் கண்டு, அது என்னவென்று உணர்ந்து, செய்ய வேண்டியதை முடிவு செய்து, காலைப் பிரேக்கின்மேல் வைப்பதற்கு விதி 2.5 விநாடி ஒதுக்குகிறது. விழிப்புடன் இருக்கும் ஓர் இளைஞருக்கு இவ்வளவு நேரம் தேவைப்படாது. ஆனால் சாலை அவருக்காக மட்டும் போடப்படுவதில்லை; முதியவரும், இரவெல்லாம் ஓட்டிக் களைத்தவரும், அந்த ஊருக்கே புதியவரும் அதே வளைவில்தான் வருவார்கள் என்பதால் மெதுவாகச் செயல்படுபவரையே விதி கணக்கில் கொள்கிறது. அந்த 2.5 விநாடியில், 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக்கைத் தொடும் முன்பே ஏறத்தாழ 42 மீட்டர் ஓடிவிடும்.

இரண்டாம் பகுதி வாகனத்துக்கு உரியது. பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது; அதாவது வேகம் இரண்டு மடங்கானால் இத்தூரம் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டரில் சுமார் 39 மீட்டராக இருப்பது, 100 கிலோமீட்டரில் சுமார் 112 மீட்டராகிவிடும். டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை, அதாவது பிடிப்பின் அளவைக் காட்டும் எண்ணை, விதி 0.35 முதல் 0.40 வரை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் கிடைப்பதைவிட இது வெகு குறைவு என்றாலும், மழையையும் தேய்ந்த டயரையும் எண்ணினால் இந்தக் கஞ்சத்தனம் நியாயமானதே. சமதளத்துக்கான இத்தூரம் இறக்கத்தில் இன்னும் நீளும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்திலும், தடை 0.15 மீட்டர் உயரத்திலும் இருப்பதாக விதி கொள்கிறது. சாலையில் கிடக்கும் கல் போன்ற சிறு பொருளும் காரில் தாழ அமர்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதே இதன் பொருள். பாலத்தின் மேட்டிலோ குன்றின் முகட்டிலோ, உயரத்தில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்குச் சற்றுக் கூடுதல் தூரம் தெரியும். சுமை வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் கூடுதல் தூரத்தை அது ஓரளவு ஈடுகட்டும். பக்கவாட்டு வளைவில் அந்தச் சலுகையும் இல்லை. வளைவின் உட்புறத்தில் நிற்கும் மதில், கார்க்காரரையும் லாரிக்காரரையும் ஒரே இடத்தில்தான் மறைக்கிறது.

நடைமுறையில் விதி பெரும்பாலும் மீறப்படுவது இங்கேதான். 200 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 80 மீட்டர் தூரம் தெரிய வேண்டுமானால், உட்புறத் தடத்தின் நடுக்கோட்டிலிருந்து உள்நோக்கி 4 மீட்டர் வரை பார்வையை மறைக்கும் எதுவும் இருக்கக் கூடாது. தடம் 3.5 மீட்டர் அகலம் என்றால், அதன் ஓரத்துக்கு அப்பால் இரண்டேகால் மீட்டர் இடம் வெட்டவெளியாக இருக்க வேண்டும். சாலை போட்ட நாளில் அது அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு வளர்ந்த புதர், நட்டு வைத்த விளம்பரப் பலகை, நாள்தோறும் நிறுத்தப்படும் ஒரு வேன் ஆகியவை அந்த இரண்டேகால் மீட்டரைத் தின்றுவிடுகின்றன.

ஒரே தடத்தில் இரு திசையிலும் வண்டிகள் வரும் சாலையில், எதிரெதிரே வரும் இருவரும் நிற்க வேண்டியிருப்பதால், தேவையான தூரம் இரு மடங்காகும். மலைப்பாதை போன்ற இடங்களில் இவ்வளவு தூரம் கொடுக்க இயலாதபோது, அங்கே கிடைக்கும் தூரத்துக்கு ஏற்ற வேக வரம்பைப் பலகை வைத்து அறிவிக்க வேண்டும்.

இந்த விதிகளுக்குச் சட்டத்தின் துணை 2019-இல் கிடைத்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின் மூலம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198அ பிரிவு, சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பான அதிகார அமைப்பும் ஒப்பந்ததாரரும் ஆலோசகரும் மத்திய அரசு வகுக்கும் தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. தவறினால், அதன் விளைவாக உயிரிழப்போ உடல் ஊனமோ ஏற்படும் நிலையில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உயிரின் மதிப்போடு ஒப்பிட்டால் தொகை சிறியது என்பதில் ஐயமில்லை. எனினும் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம், சாலையின் நிலை ஆபத்தானது என்பது பொறுப்பான அமைப்புக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டியதா என்பதையும் பார்க்க வேண்டும் என அப்பிரிவு கூறுவது கவனிக்கத்தக்கது.

ஆகவே, மறைப்புள்ள ஒரு வளைவைப் பற்றிய புகாரை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்வது நல்லது. சாலையின் பெயர், கிலோமீட்டர் கல்லின் எண், அறிவிக்கப்பட்ட வேக வரம்பு, பார்வையை மறைக்கும் பொருள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஓட்டுநரின் கண் உயரத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தையும், போக்குவரத்து இல்லாத நேரத்தில் சாலையோரமாக நடந்து அளந்த தூரத்தையும் அதனுடன் இணைக்கலாம்.