கிளிப் 98 காட்டினால் ரத்தம் போதுமா?

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பாட்டிக்கு விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப் 98 சதவீதம் காட்டுகிறது, அப்புறம் எதற்கு ரத்தம் ஏற்றச் சொல்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி.

நூறு பஸ்ஸில் 98 நிரம்பி ஓடினாலும் 98 சதவீதம், ஐம்பதில் 49 நிரம்பினாலும் அதே 98தான். ஹீமோகுளோபின்தான் பஸ், ஆக்சிஜன் பயணி. மொத்தம் எத்தனை பஸ் என்று அந்த எண் சொல்லாது. இடுப்பு முறிவில் குறைவது பஸ்தான். வெளியே ஒரு சொட்டு தெரியாமல் தொடைக்குள்ளேயே ரத்தம் கசிந்து தேங்கும், தோல் நீலம் பாரிப்பது பல நேரம் ஓரிரு நாள் கழித்துத்தான். ஹீமோகுளோபினும் நீரும் சேர்ந்தே வெளியேறுவதால் முதல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு பெரிதாக இறங்காது, உடம்பு நீரை இழுத்துக்கொண்டு, சலைனும் ஏறி, ரத்தம் நீர்த்த பிறகே சரியும். அதனால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எண்பது வயதுக் கையில் நரம்பு நழுவும், குத்திய இடமெல்லாம் கன்றிப்போகும்.

ஊசியில்லாமல் பார்க்க முடியுமா? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வருகிறது. விரலில் தோல், எலும்பு, சதை எல்லாமே ஒளியை விழுங்கும். ஆனால் இதயம் துடிக்கும்போது கூடிக் குறைவது தமனி ரத்தம் விழுங்கும் பங்குதான். அந்தத் துடிப்பை மட்டும் பிரித்து, சிவப்பு ஒளியில் வருவதை அகச்சிவப்பில் வருவதால் வகுத்தால் விரலின் தடிமன் கணக்கிலிருந்து விழுந்துவிடும், ஆக்சிஜன் சதவீதம் கிடைத்துவிடும். ஜப்பானின் டகுவோ அவோயாகி 1970களில் கண்ட வழி இது. ஆனால் அதே வகுத்தலில் ஹீமோகுளோபினின் அளவும் அடிபட்டுப் போகிறது! அதனால் இன்னொரு அளவுகோல் வேண்டும், அதுதான் தண்ணீர். பானகத்தின் இனிப்பு, இருக்கிற தண்ணீருக்கு எவ்வளவு வெல்லம் என்பதைப் பொறுத்ததுதானே? அகச்சிவப்பின் நீண்ட அலைகளைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். துடிக்கும் ரத்தத்தில் தண்ணீருக்கு எவ்வளவு ஹீமோகுளோபின் என்று ஒப்பிட்டால் அடர்த்தி கிடைக்கும். ஏழுக்கும் மேற்பட்ட அலைநீளங்களைப் பயன்படுத்தும் கருவிகள் மருத்துவமனைகளுக்கு வந்தே பல வருடமாகிறது.

ஆனாலும் இவை 100 மில்லி ரத்தத்துக்கு ஒரு கிராம் வரை தவறுவது சகஜம், சிலருக்கு அதற்கு மேலும். இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2011ல் வெளியான ஆய்வில், 10 கிராமுக்குக் கீழே போனதுமே ரத்தம் ஏற்றியவர்களைவிட, 8 வரையோ அறிகுறி தெரியும்வரையோ காத்திருந்தவர்கள் மோசமாகிவிடவில்லை. 8ஐ எல்லையாக வைத்தால் ஒரு கிராம் பிழை பெரிய பிழை. விரல் சில்லிட்டு நாடி மெலிந்தால் இன்னும் தடுமாறும். ஹீமோகுளோபின் இறங்குகிறதா என்று கவனிக்க இந்தக் கருவி, ஏற்றலாமா என்று முடிவெடுக்க ரத்தப் பரிசோதனை, இதுதான் சரி.

ஆக்சிஜன் கிளிப்பே கருத்த தோலில் சில சமயம் கூடுதலாகக் காட்டுவது தெரிந்ததே. நம் முதியவர்களின் விரல்களில் இந்தக் கருவிகளைச் சோதிக்க அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

கேட்டவருக்கு: நேற்றைய ஹீமோகுளோபின் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள், ரத்தம் ஏன் வேண்டும் என்பது அதில் தெரியும்.