செத்த வண்டு நடப்பதை மூளை ஏன் நம்புகிறது?

1912-இல் ரஷ்யாவில் வெளிவந்த ஒரு பொம்மைக் குறும்படத்தைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அந்தப் பூச்சிகளுக்கு இவ்வளவு நன்றாகப் பயிற்சி கொடுத்தது யார்?" சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர்களே உயிருள்ள பூச்சிகளைப் பழக்கி நடிக்க வைத்திருக்கிறார்கள் என்று நம்பி எழுதினார்கள். பயிற்சி யாரும் கொடுக்கவில்லை, நடிகர்கள் எல்லோரும் பிணங்கள்.

படத்தின் பெயரைத் தமிழில் 'கேமராக்காரனின் பழி' என்று சொல்லலாம். எடுத்தவர் லாதிஸ்லாவ் ஸ்டாரெவிச். வீட்டு வாழ்க்கை சலித்துப்போன திருவாளர் வண்டு நகரத்துக்குப் போகிறார், அங்கே நடனமாடும் தட்டான் ஒருத்தியிடம் மயங்குகிறார், அவள்மேல் ஏற்கெனவே கண் வைத்திருந்த வெட்டுக்கிளிக்கு வயிறு எரிகிறது. அந்த வெட்டுக்கிளி ஒரு சினிமா கேமராமேன் என்பதுதான் வண்டாருக்குத் தெரியாது. ஹோட்டல் அறைச் சாவித்துவாரம் வழியாக மொத்தக் கூத்தையும் அது படம் பிடித்துவிடுகிறது. வீடு திரும்பும் வண்டார், மனைவியை ஓர் ஓவியக்காரப் பூச்சியோடு கையும் களவுமாகப் பிடித்து ஊரைக் கூட்டாத குறையாக ஆடித் தீர்க்கிறார், அப்புறம் பெரிய மனது பண்ணி மன்னித்து அவளைச் சினிமாவுக்கு அழைத்துப்போகிறார். அங்கே புரொஜெக்டரை ஓட்டுவது அதே வெட்டுக்கிளி! அடிதடி, தீ, கடைசியில் கணவனும் மனைவியும் ஜெயிலில்.

ஸ்டாரெவிச் அடிப்படையில் பூச்சி ஆர்வலர். அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த கோவ்னோவில் (இன்று லித்துவேனியாவின் கௌனாஸ்) இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை. 1910-இல் கொம்பு வண்டுகளின் சண்டையைப் படமெடுக்கப் பார்த்தார். அவை இரவில் நடமாடும் ஜாதி, விளக்கைப் போட்டால் சுருண்டு படுத்துவிடும். சரி என்று செத்த வண்டுகளின் கால்களையும் தாடைகளையும் பிரித்து, மெழுகால் திரும்ப ஒட்டி, வேண்டியபடி வளையும் பொம்மைகளாக்கிக்கொண்டார். துளி நகர்த்து, ஒரு பிரேம் எடு, மறுபடி துளி நகர்த்து. நொடிக்கு 16 பிரேம் என்று வைத்தால் ஒரு நிமிடப் படத்துக்கு 960 தடவை. இதுதான் ஸ்டாப் மோஷன், இதில் மர்மம் ஒன்றுமில்லை.

மர்மம் பார்க்கிறவர் தலைக்குள் இருக்கிறது. திரையில் இருப்பவை அசையாத படங்கள் மட்டுமே, நடை எங்கிருந்து வருகிறது? "பிம்பம் கண்ணில் சற்று நேரம் தங்குகிறது, அதனால் சினிமா ஓடுகிறது" என்று படித்திருப்போம். அது மட்டும் போதாது. பிம்பங்கள் தங்கி ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் கிடைப்பது ஆறு காலும் அறுபதாகத் தெரியும் ஒரு கரைசல், நடை அல்ல. படம் வந்த அதே 1912-இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் ஜெர்மனியில் இதைச் சோதித்து வெளியிட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினார். இடைவெளி 200 மில்லிநொடி என்றால் ஒன்று, பிறகு இன்னொன்று. 30 என்றால் இரண்டும் ஒரே நேரத்தில். நடுவே 60 அளவில் ஒரே கோடு நகர்வதாகத் தெரிகிறது. அசைவைக் கண் சேமித்து வைக்கவில்லை, மூளை கணக்குப் போட்டு உண்டாக்குகிறது.

என்ன கணக்கு? அதைக் காட்டிக்கொடுத்ததும் ஒரு வண்டுதான், இந்த முறை உயிரோடு.

பெர்னார்ட் ஹாஸன்ஸ்டைன் உயிரியலாளர், வெர்னர் ரைஹார்ட் இயற்பியலாளர், இருவரும் நண்பர்கள். குளோரோஃபேனஸ் என்ற கூன்வண்டை நகர முடியாமல் முதுகுப்பக்கமாகப் பொருத்தி, அதன் கால்களில் வைக்கோல் இழைகளால் பின்னிய மிக லேசான ஓர் உருண்டையைக் கொடுத்தார்கள். வண்டு நடப்பதாக நினைத்துக்கொண்டு கால் போடும், உருண்டைதான் சுழலும். இழைகள் முழுக்கக் கவைகளாக இணைந்திருப்பதால் சில அடிக்கு ஒரு முறை இடமா வலமா என்று அது முடிவெடுத்தே ஆக வேண்டும். சுற்றிலும் ஒளிக்கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டிவிட்டு எந்தப் பக்கம் எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணினால் போதும், அந்தச் சின்ன மூளை எதை அசைவு என்கிறது என்று தெரிந்துவிடும். இவ்வளவு மலிவான, இவ்வளவு அழகான கருவி அறிவியலில் அபூர்வம்.

1956-இல் வெளியான முடிவு இது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒளி உணரிகள். முதலாவதின் சமிக்ஞையைக் கொஞ்சம் தாமதப்படுத்து, இரண்டாவதின் சமிக்ஞையோடு பெருக்கு. வெளிச்சம் முதலாவதைத் தொட்டு அடுத்ததுக்குப் போகும்போது இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும், விடை பெரியதாக வரும். எதிர்த்திசையில் போனால் சேராது. கூட்டல் இல்லை, பெருக்கல்தான் என்று எப்படித் தெரியும்? வெளிச்சம் கூடுவதை ப்ளஸ், குறைவதை மைனஸ் என்று வையுங்கள். ப்ளஸ்-ப்ளஸ் வரிசைக்கு வண்டு அந்த வரிசை போன திசையில் திரும்பியது. மைனஸ்-மைனஸ் வரிசைக்கும் அதே திசை. ஒன்று கூடி அடுத்தது குறைந்தால் நேர் எதிர்த்திசை! ஒரு கூன்வண்டு பள்ளிக்கூடக் குறி விதியை அப்படியே பின்பற்றுகிறது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மனிதனுக்கும் இது நடக்கும். 1970-இல் உளவியலாளர் ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் படங்களைக் கறுப்பு வெள்ளை மாற்றிப் போட்டு நகர்த்திக் காட்டினார், பார்த்தவர்களுக்கு அசைவு பின்னோக்கித் தெரிந்தது. நம் மூளைச் சுற்று வண்டினுடையது அல்ல, ஆனால் அதே கணக்கின் ஒரு வடிவம் நமக்கும் பொருந்துகிறது. இந்தக் கணக்கு பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைத்தான் ஒப்பிடும் என்பதால், ஸ்டாப் மோஷன்காரர்கள் துளித்துளியாக நகர்த்தியாக வேண்டும். அதிலும் பூச்சிக்கு ஒரே மாதிரி ஆறு கால். இரண்டு கால்களுக்கு நடுவிலிருக்கும் தூரத்தில் பாதிக்கு மேல் ஒரே தாவலில் நகர்த்தினால், மூளை பக்கத்துக் காலோடு ஜோடி சேர்த்து வண்டைப் பின்னால் நடக்க வைத்துவிடும். வண்டிச் சக்கரம் படத்தில் எதிர்ப்பக்கம் சுழல்வதும் இதனால்தான்.

வைக்கோல் உருண்டையில் வண்டை நடக்கவிடுகிறேன், பணம் கொடுங்கள் என்று இன்று ஒருவர் விண்ணப்பித்தால், "சமூகப் பயன்" என்ற கட்டத்தில் எதை எழுதுவார்? வெற்றாக விட்டால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். பயனை முன்கூட்டியே கேட்கும் அந்தக் கட்டத்தை அடிப்படை ஆய்வுப் படிவங்களில் இருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ரைஹார்ட் நல்ல காலத்தில் வேலை பார்த்தார், 1968-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஒரு மாக்ஸ் ப்ளாங்க் ஆய்வு நிறுவனமே அவர் முன்னின்று உருவானது.

பெருக்கல் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். ஒரு நரம்பணு எப்படிப் பெருக்கும்? பழ ஈயின் பார்வை மூளையில் டி4 என்றொரு அணு வகை, வெளிச்சம் கூடும் விளிம்புகளின் நகர்வுக்கு மட்டும் துடிப்பது. 2022-இல்தான் அதன் சூட்சுமம் பிடிபட்டது. ஓர் உள்ளீடு அதை எப்போதும் அடக்கிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் வந்ததும் அந்த அடக்கல் விலகுகிறது, அணுவின் மின்தடை உயர்கிறது, அந்த நேரம் பார்த்து இன்னோர் உள்ளீடு தூண்டினால் அதே அளவு மின்னோட்டத்துக்கு அதிக மின்னழுத்தம் கிடைக்கிறது. மின்னோட்டம் பெருக்கல் மின்தடை: ஓமின் விதி.