அதே இடத்துல திரும்ப வர்ற கருப்பு

"டாக்டர், மறுபடியும் அதே இடத்துல வந்துருச்சு"ன்னு ஒருத்தர் கீழ்உதட்டக் காட்டினார், ஓரத்துல ஒரு ரூபா காசு அளவுக்கு கருநீலமா ஒரு வட்டம், சுத்தி செவப்பு, நடுவுல லேசா கொப்புளம். மூணாவது தடவையாம். ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களான்னா இல்லவே இல்லங்கறார். தலைவலி, பல்வலின்னு எதுவும்? "ஆமா, அதுக்கு ஒரு மாத்திரை போட்டேன், அதெல்லாம் மருந்தா?"

இந்தப் பதில் எனக்குப் பழகிப்போச்சு. வலி மாத்திரைய யாரும் மருந்து கணக்குல சேக்கறதே இல்ல.

அவருக்கு வந்தது ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன், அதாவது ஒரு மருந்து ஒத்துக்காம ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வர்ற அலர்ஜி. முதல் தடவை அலர்ஜி வந்த இடத்துல தோலுக்குள்ளயே டி செல்கள்ங்கற நோய் எதிர்ப்பு செல்கள் சிலது தங்கிடும், அதே மருந்து திரும்ப உள்ள போனா அரை மணியிலேர்ந்து எட்டு மணி நேரத்துக்குள்ள அதுங்க முழிச்சுக்கும், அதனாலதான் அச்சு பிசகாம அதே இடம். உதடு, கை, பிறப்புறுப்புலதான் அதிகம் பாக்கறோம், கடைசி இடத்துல வந்தா பால்வினை நோயோன்னு பயந்து வெளிய சொல்லாமலே இருந்துடறாங்க, பாவம். ஒவ்வொரு தடவையும் கருப்பு கூடும், புது இடத்துலயும் வரலாம்.

வலி மாத்திரை அலர்ஜில இன்னொரு வகை உடம்பு பூரா தடிப்பு, கண்ணு உதடு வீக்கம். ஐபுப்ரோஃபென் ஒத்துக்கலன்னு டைக்ளோஃபெனாக் மாத்திப் போட்டுட்டு அதுக்கும் தடிச்சா ஆச்சரியப்படாதீங்க, இதுல பல பேருக்குப் பிரச்சனை ஒரே ஒரு மருந்தால இல்ல, இந்த ரக வலி மருந்துங்கள்ல பெரும்பாலானது உடம்புல இருக்கற காக்ஸ்-1ங்கற என்சைமத் தடுக்குது, அதான் காரணம். மூச்சு இழுத்தா, தொண்டை அடைச்சா உடனே எமர்ஜென்சி.

நான் நிஜமாவே பயப்படறது ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம்ங்கற கடுமையான மருந்து அலர்ஜிக்கு. அபூர்வம்தான், ஆனா உயிருக்கே ஆபத்து. பொதுவா மருந்து ஆரம்பிச்சு 4 நாள்ல இருந்து 4 வாரத்துக்குள்ள காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண், அப்புறம் தொட்டாலே வலிக்கற தோல், உரியற தோல். பைராக்சிகாம் குடும்பத்து வலி மருந்துங்கள்ல இதுக்கு ரிஸ்க் அதிகம், பாராசிட்டமாலுக்கே 2013ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இது பத்தி எச்சரிக்கை குடுத்துச்சு. கண்ணும் வாயும் சேந்து புண்ணானா அம்மைன்னு வீட்லயே படுத்துடாதீங்க, மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பிராண்ட் பேரு மாறும், உள்ள இருக்கற மருந்து மாறாது, கூட்டு மாத்திரைல ரெண்டு மூணு இருக்கும். அதனால மாத்திரை அட்டையோட பின்பக்கத்த ஃபோட்டோ எடுத்து வைங்க.

உதட்டுக்காரரும் மறுநாள் அட்டையோட வந்தார், மெஃபனமிக் ஆசிட்ங்கற வலி மருந்து. இப்ப மூணு மாசமா புதுசா எதுவும் வரல, பழைய கருப்பு மட்டும் இன்னும் போகல, "கிரீம் ஏதாச்சும் குடுங்க டாக்டர்"ங்கறார்.