முழு மார்பகமா, கட்டி மட்டுமா?

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்ததும், "மொத்தமாக எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று பல பெண்கள் சொல்லிவிடுகிறார்கள். உடன் வந்த கணவரும் அக்காவும் அதையே சொல்வார்கள். நிறைய எடுத்தால் உயிருக்குக் கூடுதல் பாதுகாப்பு என்ற நம்பிக்கை அது. தொடக்க நிலை நோயில் அது சரியல்ல. இதை விளக்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது அநியாயம்.

1976இல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழு தொடங்கிய ஆய்வில், 4 செ.மீ.க்கு மிகாத கட்டியுள்ள பெண்கள் பங்கேற்றனர். சிலருக்கு முழு மார்பகமும், மற்றவர்களுக்குக் கட்டியும் சுற்றியுள்ள சிறிது திசுவும் அகற்றப்பட்டன. 20 ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உயிரைப் பறிப்பவை எலும்புக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவும் செல்கள். அவை அறுவை சிகிச்சைக்கு முன்பே கிளம்பியிருந்தால், எவ்வளவு வெட்டினாலும் பிடிபடாது. அவற்றுக்கு மருந்துதான் வேண்டும்.

கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படுவது வேறு காரணத்துக்காக. அதே ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு பெறாதவர்களில் 39 சதவீதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் 14 சதவீதத்தினருக்கே திரும்பியது.

ஆக, முடிவு அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் பொறுத்தது. கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் என, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வாரங்கள் வர வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் தினமும் வர முடியுமா? கூலி வேலை என்னாகும்? இவற்றை எடைபோட்டு முழு மார்பகத்தையும் எடுக்கச் சொல்பவர் தெளிந்தே முடிவெடுக்கிறார். ஆனால் அக்குளில் உள்ள நெறிகட்டிகளில் நோய் பரவியிருந்தால், அதன் பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்பதை முன்பே அவரிடம் சொல்ல வேண்டும்.

கீமோதெரபி பற்றிய பேச்சில் எண்களே குழப்புகின்றன. "நோய் திரும்பும் வாய்ப்பு பாதியாகும்" என்றால் எதில் பாதி? நூறு பேரில் 20 என்பது 10 ஆகலாம். 4 என்பது 2 ஆகலாம். முதலாவதில் பத்துப் பேருக்குப் பலன், இரண்டாவதில் இருவருக்கு. முடி உதிர்வும் வாந்தியும் நூறு பேரில் எவருக்கும் வரக்கூடும். "என்னைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள். மருத்துவர் கணவரைப் பார்த்தே பதில் சொன்னாலும், நீங்களே திரும்பக் கேளுங்கள்.

யோசிக்க ஓரிரு வாரம் எடுப்பதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. இரண்டாவது மருத்துவரையும் பார்க்கலாம். கட்டிகள் மார்பகம் முழுக்கப் பரவியிருந்தாலோ, அதே மார்பில் முன்பே கதிர்வீச்சு பெற்றிருந்தாலோ, பெரும்பாலும் முழு மார்பகத்தையும் அகற்ற நேரும். அப்போதும், மார்பக மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை வேண்டுமா, எப்போது என்பதை அறுவை அரங்குக்குப் போகும் முன்பே பேசிவிட வேண்டும்.