ரத்தம் வரும் இடத்தைத் தேய்க்காமல் விடாதீர்கள்

அந்த அக்கா வந்தது தனக்காக இல்லை, மகளின் கடைவாய்ப் பல்லைக் காட்ட. மகளைப் பார்த்து முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான் சொன்னார்: "எனக்கும் பல் தேய்க்கும்போது ரத்தம் வரும் டாக்டர். அந்தப் பக்கம் பிரஷ் போடாம விட்டா நின்னுடும்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். "அது இருக்கும், மூணு நாலு வருஷம்."

உட்காரச் சொன்னேன். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கருவி ஒன்று எங்களிடம் உண்டு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெல்ல இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் 6 இடங்களில் ஆழம் பார்ப்போம். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொள்வார். இரண்டு, மூன்று, இரண்டு. 3 மி.மீ. வரை பயமில்லை. வலது கீழ்ப்பக்கம் போனதும் ஐந்து, ஆறு, ஐந்து என்றேன். அக்காவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. யாரும் விளக்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் பிரஷ் போடாமல் விட்ட பக்கம் அதுதான்.

பெரும்பாலும் ஈறில் ரத்தம் வருவது பிரஷ் குத்துவதால் அல்ல. ஈறு ஓரத்தில் படியும் அழுக்குப் படலத்தில் கிருமிகள் பெருகுகின்றன. அவற்றை எதிர்க்க உடல் அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஈறு வீங்கி, லேசாகத் தொட்டாலே கசிகிறது. ரத்தத்துக்குப் பயந்து அந்த இடத்தை விட்டால் அழுக்கு இன்னும் சேரும். மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, காலையும் இரவும் பொறுமையாகத் தேய்த்துப் பாருங்கள். பல் இடுக்கையும் சுத்தம் செய்யுங்கள். ஆரம்ப நிலை என்றால் ஓரிரு வாரத்தில் ரத்தம் குறையும். இரண்டு வாரம் கழித்தும் வந்தால் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஈறின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நம்மில் பலருக்கு இயற்கையாகவே ஈறு கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். அது நோய் இல்லை. ஓரத்தைப் பாருங்கள். நல்ல ஈறின் ஓரம் மெல்லியதாகப் பல்லோடு ஒட்டியிருக்கும். நோய் தொட்ட ஈறு உப்பி, உருண்டு, பளபளக்கும். விடாத வாய் நாற்றம், பல் நீண்டுவிட்டதுபோல் தெரிவது, புதிதாக இடுக்கில் உணவு மாட்டுவது, இவையும் அடையாளங்கள்தான். வலியை எதிர்பார்க்காதீர்கள். ஈறு நோய் வலிக்காமலேயே எலும்பைக் கரைக்கும்.

"எனக்குத்தான் சொத்தையே இல்லையே" என்பவர்கள் இங்கே அதிகம். சிங்கப்பூரின் குழாய்த் தண்ணீரில் 1950களிலிருந்தே ஃப்ளோரைடு கலக்கப்படுகிறது. அது சொத்தையைக் குறைக்கும். ஈறு நோயைத் தடுக்காது.

அப்புறம், பல்லை கிளீன் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயம். இந்தப் பேச்சால் பல்லை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அழுக்குப் படலம் எச்சிலில் உள்ள தாதுக்களால் கெட்டியாகிக் காரையாகிறது. கீழ் முன்பற்களின் பின்பக்கம் நாக்கால் தடவினால் சொரசொரவெனத் தட்டுப்படுமே, அது. அதைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. எலும்பு குறைந்து ஏற்கெனவே ஆடும் பற்களைக் காரை சிமெண்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் பல் ஆடுவது தெரிகிறது. அந்த ஆட்டம் கிளீனிங்கால் வந்ததல்ல.

இனிப்புநீர் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகம் பிடிக்கும்; ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும். கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சீக்கிரம் வீங்கும். புகைப்பவர்கள் நிலைமை மோசம். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், உள்ளே நோய் முற்றினாலும் வெளியே ரத்தம் அவ்வளவாகத் தெரியாது.

வேலை அனுமதியில் இங்கிருக்கும் தம்பிகள் "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். செலவுக் கவலை புரிகிறது. போன் செய்து முதலிலேயே கட்டணத்தைக் கேளுங்கள், தவறே இல்லை. இன்று கிளீனிங்குக்கு ஆகும் செலவு, நாளை பல் எடுத்து வேறு பல் கட்டும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. குடிமக்களில் சாஸ் (CHAS, சமூகச் சுகாதார உதவித் திட்டம்) அட்டை வைத்திருப்பவர்கள், பல் சிகிச்சைக்கு என்ன மானியம் கிடைக்கும் என்று அத்திட்டத்தில் உள்ள பல் மருந்தகத்தில் விசாரியுங்கள்.

அந்த அக்காவுக்கு ஈறின் அடிவரை இறங்கிச் சுத்தம் செய்தோம். மூன்று மாதம் கழித்து அளந்தபோது ஆறு நான்காகியிருந்தது, ரத்தமும் நின்றிருந்தது. கரைந்த எலும்பு திரும்பவில்லை. இருப்பதைக் காப்பாற்ற அவர் தொடர்ந்து வர வேண்டும்.

அன்று கணவரையும் கூட்டி வந்திருந்தார். "இவருக்கு ரத்தமே வராது டாக்டர். ஆனா சிகரெட் பிடிக்கிறார். நல்லா அளந்து பாருங்க."